வண்ணார்பேட்டையில் என்னை நானே திட்டிக்கொண்ட மத்தியானம்

டவுன் பஸ் வண்ணார்பேட்டை முக்குக்கு வந்ததும் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தையும் மீறி, முன்னால் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பெண் கணீரென்று பாடினாள்.

"துருப்பிடிச்ச பூட்டு அது தொறக்குமா சொல்லு? - அதத்
தொறக்கணும்னா வேணும் ஒரு சூளைச் செங்கல்லு!"

அவள் மூச்சு விடுவதற்குள் எதிர்ப்பக்கத்து ஒலிபெருக்கியில் இன்னொருத்தி பதில் கொடுத்தாள்.

"மொட்டத்தல வீட்டுக்குள்ள சீப்பு எதுக்கு லேய்? - அதுல
எண்ணெ வச்சி வாரினாலும் என்ன வரும் லேய்?"

என் பக்கத்து சீட்டில் கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா. கூடங்குளத்திலிருந்து வருகிறவள். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"நல்லாத்தான் சண்ட போடுதாளுவ. ஆனா பாத்தியா, ரெண்டு பேருக்கும் ஒரே தொண்ட!"

நான் சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டேன். கருவாட்டு வாடைக்குத்தான் மூடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அந்த இரண்டு பேரும் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வாய் கூடுதல்

இந்த வாரம்தான் தொடரைப் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் எனக்கு இரண்டு வேலைகள். பகலில் வண்ணார்பேட்டையில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, ஆண்டு விழா என்று யாராவது கூப்பிட்டால் பாட்டுக்காரி.

பாட்டை நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, மடியில் புல்புல்தாராவை வைத்துக்கொண்டு பாடுவேன். அதைப் பார்த்திராதவர்கள் வீணைக்கும் டைப்ரைட்டருக்கும் பிறந்த பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கம்பிகளுக்கு மேலே டைப்ரைட்டர் கட்டைகள் வரிசையாக இருக்கும். என் விரலுக்கு வேறெந்த வாத்தியமும் சரிப்படவில்லை.

அதில் ஒரு தொந்தரவு. ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு கம்பி இறங்கிவிடும். திருகித் திருகிச் சுருதி சேர்க்கிற வரைக்கும் ஜனங்கள் கொட்டாவி விடக்கூடாதே என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன்.

"வள்ளியூர் பஸ்ஸுல ஏறினேன். கண்டக்டர், உள்ள போங்க, உள்ள போங்கன்னுக்கிட்டே இருந்தாரு. நானும் போயிப் போயி, பின்பக்கக் கண்ணாடி வழியா வெளிய வந்து, நடந்தே வள்ளியூர் போயிட்டேன். ஆனா டிக்கெட்டு எடுத்துட்டேன், கேட்டியளா!"

இப்படித்தான் ஆரம்பித்தது. நாளாக நாளாகக் கம்பி இறங்காவிட்டாலும் நான் திருக ஆரம்பித்தேன். ஜனங்களும், "பாட்டு இருக்கட்டும் டீச்சர், பேசுங்க" என்றார்கள்.

இப்போது இதற்கு ஸ்டாண்டப் காமெடி என்று பெயர். குளிரூட்டிய அரங்கத்தில் டிக்கெட் போட்டுப் பார்க்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் இதன் பெயர், 'அந்தப் பிள்ளைக்கு வாய் கூடுதல்.'

அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா கொடைக்குக் கொடை என் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும், "இந்த வாயோட உன்னய எவன்ட்டி கட்டுவான்?" என்பாள்.

சீப்பும் பூட்டும்

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வருஷக்கணக்காக அந்த நாற்காலிக்குக் காத்திருந்த இரண்டு ஆண்களுக்கு அது பேரிடி.

ஒருவர் அரிசிக்கடை அண்ணாச்சி. தலையில் ஒரு முடி கிடையாது. சட்டையில் எப்போதும் தவிட்டு மணம். இன்னொருவர் செங்கல்சூளை அண்ணாச்சி. எங்கள் இன்ஸ்டிட்யூட் இருந்த கட்டடம் அவருடையது.

இரண்டு நாள் துக்கத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது. வீட்டுக்காரியை நிறுத்திவிட்டால் போகிறது!

அரிசிக்கடை வீட்டு உலகம்மாள் அக்காவுக்குச் சீப்புச் சின்னம். செங்கல்சூளை வீட்டு காந்திமதி அக்காவுக்குப் பூட்டு. சுவரொட்டியில் மனைவிமார் தபால்தலை அளவுக்கு ஓரமாகக் கைகூப்பிக்கொண்டிருக்க, நடுவில் கணவன்மார் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள்.

பாட்டு கேட்டு முதலில் வந்தவர் அரிசிக்கடை அண்ணாச்சி. எழுதிக் கொடுத்தேன்.

"சிக்கு விழுந்த தெருவையெல்லாம் சீவி விட யாரு? - நம்ம
சீப்புக்காரி உலகம்மைக்கு ஓட்டுப் போட்டுப் பாரு!"

அப்படியே பூட்டைக் கிண்டல் செய்து ஒரு பாட்டும் வேண்டும் என்றார். அதுதான் சூளைச் செங்கல்.

மேலப்பாளையத்தில் செய்யது அண்ணன் என்று ஒருவர் மைக்செட் வைத்திருந்தார். கேசட் பதிவும் அவரிடம்தான். சுவரில் சாக்கும் பழைய ஜமுக்காளமும் அடித்த ஒரு சின்ன அறை. பாடி முடித்து வியர்வையோடு வெளியே வந்தால், வாசலில் செங்கல்சூளை அண்ணாச்சி வந்து இறங்குகிறார்.

நான் தயங்கினேன். செய்யது அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, தையக்காரன் ரெண்டு பேருக்கும் சட்ட தைக்கான்லா? எதிராளிக்குத் தச்ச கையின்னு யாராச்சும் சட்டயக் கழத்திப் போடுதானா? இது நம்ம நசீபு, தேடி வந்த அதிர்ஷ்டம். போயிப் பாடு."

பாடினேன். எதிராளியைக் கிண்டல் செய்கிற பாட்டு அவருக்கும் ஒன்று வேண்டும் என்றார். மொட்டைத்தலை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதை எழுதும்போது நானே சிரித்துவிட்டேன்.

இரண்டு ஆட்டோக்களும் வேறு வேறு தெருவில் சுற்றுகிற வரைக்கும் ஊர் அமைதியாக இருந்தது.

முக்கில் நடந்தது

இனி பஸ்ஸுக்கு வருகிறேன்.

முக்கில் சீப்பு ஆட்டோவும் பூட்டு ஆட்டோவும் மூக்கோடு மூக்கு இடித்து நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஜீப். ஒவ்வொரு ஜீப்பிலும் கணவர் முன்னால், மனைவி பின்னால் கைகூப்பியபடி. முதலில் பின்வாங்குவது யார் என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தது. கேசட்டுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நான் என்னைப் பூட்டு என்றேன். நான் எனக்குச் சீப்பு எதற்கு என்றேன்.

அப்போதுதான் அது நடந்தது. 'என்ன வரும் லேய்' என்று என் குரல் கேட்டதும், உலகம்மாள் அக்கா சிரித்துவிட்டாள். கூப்பிய கையை எடுக்காமலே, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எதிர் ஜீப்பில் காந்திமதி அக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அவளும் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசாரம் தொடங்கியதிலிருந்து அந்த இருவர் வாயிலிருந்தும் வெளியே வந்த முதல் சத்தம் அதுதான்.

கூட்டத்தில் யாரோ ஒருவன் கத்தினான். "ஏலே, ரெண்டும் டைப் டீச்சர் குரலுலே!"

கண்டக்டர் பஸ்ஸுக்குள் திரும்பினார். என்னிடம் டைப் லோயர் பரீட்சைக்குப் படித்தவர்.

"டீச்சர், எறங்கி ஒரு முடிவு சொல்லிட்டு வாங்க. நான் பஸ்ஸ எடுக்கணும்லா?"

கருவாட்டு அம்மா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். நான் இறங்கினேன். இறங்காவிட்டால் என்னைத் தூக்கியே இறக்கியிருப்பார்கள். ஒரு பயல் சீப்பு ஆட்டோவின் மைக்கை என் கையில் திணித்தான். மைக் கைக்கு வந்தால் என் வாய் என்னைக் கேட்காது.

"அண்ணாச்சிமாரே, சீப்பும் என் வாய்தான், பூட்டும் என் வாய்தான். ஓட்டு மட்டும் உங்க கையில. பின்னால போனாத் தோல்வின்னு நிக்கீய. ரெண்டு பேரும் அவரவருக்கு இடது பக்கமாத் திரும்புங்க. ரெண்டு பேருமே முன்னாலதான் போவீய."

சிரிப்பு அலையாக எழுந்தது. ஆட்டோக்காரர்கள் முதலாளியைக் கேட்காமலே திருப்பினார்கள். பஸ் நகர்ந்தது, என்னை ஏற்றிக்கொள்ளாமலே. இரண்டு அண்ணாச்சிமாரும் என்னை ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

கூட்டணி

சாயங்காலம் இருவரும் ஒன்றாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே, "எலெக்சன் முடியதுக்குள்ளயே கூட்டணி வச்சிட்டியளே அண்ணாச்சி!" என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

"ஊரே எங்களப் பாத்துச் சிரிக்கி" என்றார் அரிசிக்கடை அண்ணாச்சி. "இந்தத் தடவ கொடையில நீ மேடையேறப்பிடாது. கமிட்டியில சொல்லியாச்சி."

"தேர்தல் முடியட்டும்" என்றார் செங்கல்சூளை அண்ணாச்சி. "அந்தக் கட்டடம் எனக்கு வேணும். டைப் மிசினையெல்லாம் வேற எங்கனயாச்சும் கொண்டுபோயி வைக்கச் சொல்லு."

வேலையும் மேடையும் ஒரே காப்பி நேரத்தில் போய்விட்டன. வேலை போனால் இன்னொன்று தேடலாம். எங்கள் தெருக் கொடையில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் நின்று பேசுகிற அந்த ஒரு சாயங்காலத்தை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் போன பிறகு புல்புல்தாராவை உறையில் போட்டு பீரோ மேலே வைத்தேன். அம்மா அன்றைக்கு என் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வருத்தமாக இருந்தது.

கொல்லை வழி

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு உலகம்மாள் அக்கா வந்தாள். அவளை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய முகம். பெரிய வைர மூக்குத்தி.

"மொட்டத்தலப் பாட்ட நீதான எழுதுன?"

"ஆமாக்கா" என்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா விசயம் தெரியாம எழுதிருக்க. எங்க வீட்டுல நெசமாவே ஒரு சீப்பு இருக்கு. தெனமும் குளிச்சிட்டு வந்து, கண்ணாடி முன்னால நின்னு வாருதாவ. நான் கேட்டேன், எதுக்குன்னு. பழக்கத்த விடக்கூடாதுங்காவ!"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். அக்கா சிரிக்கவில்லை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைக் கடைசியில் போட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இப்படிப் பேசுதீயளே, கூட்டத்துல ஏங்க்கா பேச மாட்டேங்கீய?"

"மைக்க அவுக விட்டால்லா? 'என் சம்சாரம் சார்பா'ன்னு ஆரம்பிப்பாவ. முடிக்கும்போது கும்பிடுன்னு கண்ணக் காட்டுவாவ. கும்பிடுவேன்." அக்கா குரல் இறங்கியது. "கோமதி, ஜெயிக்கேனோ தோக்கேனோ, அது கெடக்கட்டும். கடைசிக் கூட்டத்துல நான் ஒரு தடவ பேசணும்ட்டி. என் பேரச் சொல்லித்தான ஓட்டுக் கேக்காவ?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு மேலப்பாளையத்துக்குக் கிளம்பினேன்.

கோளாறு

கடைசி நாள் சாயங்காலம். அரிசிக்கடை முக்கில் சீப்புக் கூட்டம். இரண்டு தெரு தள்ளி, பிள்ளையார் கோயில் பக்கம் பூட்டுக் கூட்டம். இரண்டுக்கும் மைக்செட் செய்யது அண்ணன்தான். ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. நான் பெண்கள் கூட்டத்தில், மேடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பெரியோர்களே, என் சம்சாரம் சார்பா" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். மைக் செத்தது. தட்டினார். ஊதினார். செய்யது அண்ணன் ஓடி வந்து ஒயரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப வருத்தமான முகத்தோடு, "கோளாறு அண்ணாச்சி" என்றார். "பொம்பளையாளுக பக்கம் ஒரு மைக்கு இருக்கு. அது வேல செய்யுது. ஆனா ஒயரு இங்கன வரைக்கும் வராதே."

அந்த மைக்கை நான், பெண்கள் பக்கம் கைகூப்பி நின்ற உலகம்மாள் அக்கா கையில் கொடுத்தேன்.

அக்கா வியர்த்திருந்தாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் உலகம்மா. நோட்டீசுல மூலையில கும்பிடுதது நான்தான். நடுவுல பெரிசா நிக்கது எங்க வீட்டுக்காரவுக. அவுக எலெக்சன்ல நிக்கல. சும்மா எடத்த அடச்சிக்கிட்டு நிக்காவ."

முன்வரிசை வெடித்தது. அண்ணாச்சி செத்த மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தெருக் குழாயில தண்ணி எப்ப வரும்னு அவுகட்டயே கேப்போம். ஏங்க, எப்ப வரும்?"

"காலைல" என்றார் அண்ணாச்சி.

"காலைல எப்ப?"

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்து ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"கோழி முழிக்கதுக்கு முன்ன வருது. அதுவும் ஒரு நாளு தண்ணி வருது, ஒரு நாளு குழாயிலேருந்து கொட்டாவி மட்டும் வருது. அந்தக் கொட்டாவியவும் கொடத்துல பிடிச்சிக்கிட்டு வாரோம். பூட்டுக் காந்திமதியும் எனக்குப் பின்னாலதான் நிப்பா. அவ கொடத்துக்கு நான் எடம் போடுவேன், என் கொடத்துக்கு அவ எடம் போடுவா. எங்க ரெண்டு பேருக்கும் சண்டன்னு பாட்டுக் கட்டிருக்கா, இந்தா நிக்காளே, இவ!"

ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்க வைத்தே பழகியவள் நான். அன்றைக்குச் சிரிப்புக்கு ஆளானேன். என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே சுகம்தான்.

"எனக்கு ஓட்டுப் போடுங்க. தண்ணிய வெளிச்சத்துல வர வைக்கேன். வரலன்னா எங்க வீட்டு வாசல்ல வந்து கத்துங்க. நானும் வெளிய வந்து உங்க கூடச் சேந்து கத்துதேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் செய்யது அண்ணன் மூச்சிரைக்க என்னிடம் வந்தார். "தங்கச்சி, அங்கன பிள்ளையார் கோயில்ல காந்திமதியம்மா கூப்பிட்டு விட்டாவ. சத்தம் கேட்டுச்சாம். அவுகளுக்கும் ஒரு கோளாறு வேணுமாம்!"

அங்கேயும் கோளாறு வந்தது. காந்திமதி அக்கா வேடிக்கையாகப் பேசவில்லை. "அக்கா மாதிரி எனக்குச் சிரிப்பாப் பேச வராது. ஆனா தண்ணி ஆபீசுல போயி உக்காந்தேன்னா, பதில் சொல்லாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. பிடிச்சா விடமாட்டேன், அவ்வளவுதான்" என்றாள். அதற்கும் நல்ல கைதட்டல்.

முடிவு

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் காந்திமதி அக்கா ஜெயித்தாள். சொன்னபடி தண்ணி ஆபீசில் போய் உட்கார்ந்தாள். சில வாரங்களில் எங்கள் தெருவில் விடிந்த பிறகு தண்ணீர் வந்தது. கட்டடத்தைக் காலி செய்கிற பேச்சை அதன் பிறகு செங்கல்சூளை அண்ணாச்சி எடுக்கவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தால் செங்கலை எண்ணுவது போல முகத்தை வைத்துக்கொண்டு போவார்.

தோற்ற மறுநாள் உலகம்மாள் அக்காவைப் பார்க்கப் போனேன். கண் வீங்கியிருந்தது.

"அழுதியளாக்கா?"

"அழுதேன்ட்டி. ஓட்டுக்கு அழல. தண்ணிய அவ பாத்துக்கிடுவா, என்னய விட நல்லாவே பாப்பா. இனிமே மைக்க எனக்கு எவ தருவா? அதுக்குத்தான் அழுதேன்."

அண்ணாச்சி முற்றத்தில் உட்கார்ந்து ஒட்டாத சுவரொட்டிகளை அரிசிப் பொட்டலம் மடிக்க வசதியாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கொடை வந்தது. கவுன்சிலரம்மா கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னாளாம், என் பெயர் நோட்டீசில் ஏறிவிட்டது. வில்லுப்பாட்டுக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரம் எனக்கு. பந்தலில் பிச்சிப்பூவும் பொங்கல் புகையும் கலந்து மணத்தன. பீரோ மேலிருந்து புல்புல்தாராவை இறக்கித் துடைத்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டுப் பாடினேன். கம்பி இறங்கியது, நிஜமாகவே இறங்கியது. திருகிக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தேன்.

"உலகம்மக்கா, கம்பி சேருத வரைக்கும் வந்து ரெண்டு வார்த்த பேசுங்க."

அண்ணாச்சி ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

"தோத்தவ பேசுதேன். ஜெயிச்சவளுக்குப் பேச நேரம் இல்ல, பாவம். அவ வீட்டு வாசல்ல இப்பவே நாலு பேரு நின்னு கத்துதாவ. நானும் போயி ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் வாரேன்."

முன்வரிசையில் காந்திமதி அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. நான் கம்பியைச் சேர்த்து முடித்தேன். அக்கா முடிக்கவில்லை. மைக்குக்குக் கை நீட்டினேன். பார்க்காத மாதிரி அடுத்த கதைக்குப் போய்விட்டாள். மறுபடியும் நீட்டினேன். இந்தத் தடவை திரும்பி, என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, மைக்கிலேயே கேட்டாள்.

"நீ ஏம்ட்டி இன்னும் இங்கன நிக்க? பைய எறங்கு. பின்னால இருக்கவுகளுக்கு என்னய மறைக்கி."

இறங்கினேன். கவுன்சிலரம்மா தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.